வயிற்றில் பிறந்த வினை

லூக்கா நற்செய்தியில், தொலைவில் வரும் இளைய மகனைக் கண்ட தந்தையின் நிலையைச் சொல்லும் கிரேக்க வினைச்சொல் 'ஸ்பிளாங்னிசோமாய்'. 'ஸ்பிளாங்னா' என்றால் ஈரல், இதயம், குடல் முதலான உள்ளுறுப்புகள். பலிவிலங்கின் உள்ளுறுப்புகளுக்கும் அதே பெயர். புதிய ஏற்பாட்டில் இவ்வினை 12 இடங்களில் வருகிறது. இயேசுவுக்கும் அவர் சொன்ன கதைகளின் மாந்தருக்கும் அன்றிப் பிறருக்கு அது வழங்கவில்லை.

தமிழில் நாம் படித்ததோ 'மனதுருகி'. அழகிய சொல்தான். ஆனால் மெழுகென மெல்ல உருக அங்கே பொழுதேது? தந்தை ஓடுகிறாரே! ஈரக்குலை பதறுகிறது, பெற்ற வயிறு துடிக்கிறது என நம் வீடுகளில் சொல்வதே கிரேக்கத்துக்கு நெருக்கம் என்போம். தாய்க்கென்றே நாம் வைத்திருக்கும் அவ்வயிற்றை ஒரு தந்தைக்குக் கொடுக்க மொழிபெயர்த்தோர் கூசினரோ என்னவோ. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட சமாரியனுக்கும் இதே வினைதான். கிடந்தவனோ அவனுக்கு உறவுகூட இல்லை.