வெட்கத்தால் இழந்த ஒரு நாள்

வெலிமடையில் பனி நன்கு இறங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கருகல் நோய் வருமுன்னே உருளைக்கிழங்குச் செடிகளுக்கு மருந்து தெளித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் தொழில் பார்க்கும் என் அக்காள் மகன் முதல்நாள்தான் வந்திருந்தான். எப்போதும் தெளிகருவியை என் தோளிலிருந்து பறித்துக்கொள்பவன், அன்று முழுதும் வரப்பில் வாய் பேசாது அமர்ந்திருந்தான்.

இரவு உணவுக்குப் பின், "மாமா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றான். தன் மனம் ஆண்களையே நாடுகிறது என்றும், வெள்ளிக்கிழமை இரவு நண்பன் ஒருவனோடு கூடியிருந்தபொழுது ஆணுறை கிழிந்துவிட்டது என்றும், அந்நண்பனுக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டோ இல்லையோ தெரியாது என்றும் தலைகுனிந்தபடி கூறினான்.

என் நெஞ்சில் முதலில் எழுந்தது அவனைப் பற்றிய கவலையன்று. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமே. அதனை இங்கே ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. அவன் அனுமதியைப் பெற்றே இதனை எழுதுகிறேன்.

திங்கள் அதிகாலை முதல் பஸ்ஸில் பதுளைக்குச் சென்றோம். அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் வைத்தியர் முகஞ்சுளிக்கவில்லை, வசை மொழியவுமில்லை. "எத்தனை மணி நேரம் ஆயிற்று?" என்பதே அவருடைய முதற் கேள்வி. ஏறக்குறைய 60 மணி நேரம் என்றோம். "72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்மை. ஒரு நாளை வீணாக்கிவிட்டீர்களே!" என்றார்.

தொற்று நேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்த பின் உட்கொள்ளும் அம்மருந்து முறைக்குப் 'பெப்' என்று பெயர். 28 நாள்கள் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். அவன் அவ்வாறே செய்தான். பின்னர் முறைப்படி நடந்த பரிசோதனைகளில் தொற்று இல்லை என்று தெரிந்தது.

வருமுன் காக்கும் 'பிரெப்' என்னும் முறையும் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன். இரு மருந்துகள் சேர்ந்த ஒரு குளிசையை நாள்தோறும் உட்கொள்வது அது. அமெரிக்காவில் 2012இல் இதற்கு அனுமதி கிடைத்தது. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கு இதனை உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. ஒழுங்காக உட்கொண்டால் உடலுறவு வழியாக எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 99 வீதம் குறைகிறது. தொடங்குமுன் இரத்தப் பரிசோதனையும், அதன்பின் காலந்தோறும் வைத்தியர் கண்காணிப்பும் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை மட்டும் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்தையும் அந்நிறுவனம் 2025இல் பரிந்துரைத்திருக்கிறது.

தொற்று உள்ளவரும் பிறரைக் காக்க இயலும். மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்த நிலையிலேயே இருந்து வருபவரிடமிருந்து உடலுறவால் எச்.ஐ.வி. பரவுவதில்லை. ஏறத்தாழ 800 ஆண் இணையரை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவில், அவ்வாறு துணைவரிடமிருந்து தொற்றியதாக ஒரு நிகழ்ச்சியேனும் இல்லை. ஆயினும் சிபிலிஸ், கொனோரியா போன்ற நோய்களை இம்மருந்துகள் தடுப்பதில்லை. ஆதலின் ஆணுறையின் தேவை நீங்கிவிடவில்லை.

"சனிக்கிழமையே ஏன் சொல்லவில்லை?" என்று திரும்பும் வழியில் கேட்டேன். "நீங்கள் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவீர்களோ என்று பயந்தேன், மாமா" என்றான்.

இப்பொழுது விடுமுறையில் வரும்போதெல்லாம், இரவு உணவுக்குப் பின் என் எதிரிலேயே அக்குளிசையை விழுங்குகிறான். செடி கருகுமுன் மருந்து தெளிக்க நாம் வெட்கப்படுவதில்லை. பிள்ளையின் உயிர் உருளைக்கிழங்கினும் இழிந்ததா? நம் வீட்டுப் பிள்ளைகள் வரப்பில் உட்கார்ந்து பொழுதைக் கழிக்காமல், முதல் மணி நேரத்திலேயே வந்து சொல்லத்தக்க பெரியவர்களாக நாம் இருக்கிறோமா என்பதே கேள்வி.