பூட்டிய கதவு யாருக்காக?

சனிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு ஷாப்பிங் மாலுக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் சீருடைக்காரர் ஒருவர் பையைத் திறக்கச் சொல்வார். கையில் இருக்கும் கருவியை உடம்போடு ஒட்டித் தடவுவார். அது 'கீ' என்று கத்தும். "போங்க சார்" என்று விட்டுவிடுவார். (பெல்ட் பக்கிளுக்கும் கத்திக்கும் அது ஒரே மாதிரிதானே கத்துகிறது!)

உள்ளே போனால் கூரை முழுக்க கேமரா. துணிகளில் பிளாஸ்டிக் டேக். பில் போடும் பெண் அதைக் கழற்ற மறந்துவிட்டால் தீர்ந்தது. வாசலில் அலாரம் அடிக்கும், அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். காசு கொடுத்து வாங்கியவர் கூட அந்த ஒரு நிமிடம் திருடன் மாதிரி முழிப்பார்.

சரி, இவ்வளவு ஏற்பாடும் யாருக்கு? வந்திருக்கும் மக்களுக்கா, அலமாரியில் இருக்கும் சரக்குக்கா?

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதன் கணக்கு தெரியும். புத்தகத்தில் இருக்க வேண்டிய சரக்குக்கும் எண்ணிப் பார்த்தால் இருக்கும் சரக்குக்கும் உள்ள வித்தியாசத்தை 'ஷ்ரிங்கேஜ்' என்பார்கள். வாடிக்கையாளர் திருட்டு, ஊழியர் திருட்டு, சப்ளையர் செய்யும் மோசடி, கணக்கு எழுதியதில் தவறு என்று இதற்கு நான்கு காரணங்கள் சொல்வார்கள். எவ்வளவு காவல் போட்டாலும் இது முழுசாக நிற்காது. அதனால் விலை வைக்கும்போதே இந்த நட்டத்துக்கும் இடம் விட்டுத்தான் வைக்கிறார்கள். அதாவது யாரோ எடுத்துப்போன சட்டைக்கு நாமும் கொஞ்சம் காசு கொடுக்கிறோம்!

சட்டம் கூட சின்னத் திருட்டைச் சின்னதாகவே பார்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் முறையாகத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான்.

ஆனால் இந்தச் சின்னத் திருட்டைத் தடுக்கக் கதவைப் பூட்டினால் என்ன ஆகும்?

2004 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. தென் அமெரிக்காவில் பராகுவே நாட்டின் தலைநகர் அசுன்சியோன். இகுவா போலானோஸ் என்ற பெரிய சூப்பர் மார்க்கெட்டில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். சாப்பாட்டுக் கடையின் புகைபோக்கியில் இருந்த கோளாறால் தீ பிடித்தது. மக்கள் வாசலுக்கு ஓடினார்கள். கதவுகள் சாத்தியிருந்தன. குழப்பத்தில் காசு கொடுக்காமல் ஆட்கள் பொருளோடு ஓடிவிடக் கூடாது என்று சாத்தச் சொன்னார்களாம்! உயிர் தப்பியவர்கள் சொன்ன சாட்சி இது. உரிமையாளர் மறுத்தார். இறந்தவர்கள் சுமார் 400 பேர்.

அதற்குப் பதினாறு நாள் முன்புதான், ஜூலை 16 அன்று, கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அந்தத் துக்கத்தில் இருந்த நம் ஊரில் பராகுவே செய்தியைக் கவனித்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

2008இல் நீதிமன்றம் உரிமையாளருக்கு 12 ஆண்டு, அவர் மகனுக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. ஒரு காவலாளிக்கும் 5 ஆண்டு. அந்தக் காவலாளியைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடையும் அவருடையது இல்லை, சரக்கும் அவருடையது இல்லை. ஆனால் சிறை மட்டும் அவருக்கும் சேர்த்து.

இது ஏதோ ஒரு நாட்டின் முட்டாள்தனம் என்று ஒதுக்கவும் முடியாது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீ பிடித்து 146 பேர் இறந்தார்கள். அங்கும் ஒரு கதவு பூட்டியிருந்தது. வேலை செய்த பெண்கள் துணியைத் திருடிப் போகாமல் இருக்க, எல்லோரையும் ஒரே வழியாக அனுப்பிப் பையைச் சோதிப்பது அங்கே வழக்கம். இத்தனை வருடத்தில் திருடு போனதன் மதிப்பு எவ்வளவு என்று வழக்கு விசாரணையில் கேட்டார்கள். 25 டாலரைத் தாண்டாது என்று உரிமையாளர்களில் ஒருவரே ஒப்புக்கொண்டார். 25 டாலர்!

சரி, திருட்டை அப்படியே விட்டுவிடலாமா? வேண்டாம். வழி இருக்கிறது. வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமலே திறக்க வேண்டும் என்று நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) சொல்கிறது. அதற்கென்றே கதவின் குறுக்கே ஒரு கம்பி வைத்த பூட்டு கிடைக்கிறது. உள்ளிருந்து தள்ளினால் உடனே திறக்கும். திறந்த நொடியில் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலாரம் அடிக்கும் வகையும் உண்டு. திருடன் மாட்டுவான், மக்கள் தப்பிப்பார்கள். ஆனால் இதற்குச் செலவாகும். சங்கிலியும் பூட்டும் அதைவிட மலிவு. பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

வணிகவியலில் முதலில் சொல்லித் தரும் விஷயங்களில் ஒன்று, எந்த நட்டத்தையும் கணக்கில் எழுதித் தள்ளலாம் என்பது. காணாமல் போன சட்டையை எழுதலாம், எலி கடித்த அரிசி மூட்டையை எழுதலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போய் வீடு திரும்பாதவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அடுத்த முறை மாலுக்குப் போகும்போது வாசலில் முகம் சுளிக்காமல் பையைத் திறந்து காட்டுங்கள். நாள் முழுக்க நின்று அதைச் செய்வதுதான் அவர் வேலை. உள்ளே போனதும் நீங்களும் ஒரு சோதனை செய்யுங்கள். அவசர வழி எங்கே இருக்கிறது? அதன் முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா? பூட்டுத் தொங்குகிறதா? தொங்கினால் மேலாளரைக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். "திருட்டு பயம் சார்" என்பார். அசுன்சியோன் கதையை அவருக்கும் சொல்லிவிட்டு வாருங்கள்.