கியூவில் நிற்கிறவர்கள்

சினிமாவைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது படம் தொடங்குவதற்கு முன்னுள்ள நேரத்தைப் பற்றி. கதவு திறக்கும்வரை வெளியில் நிற்கிறோமே, அந்த நேரம்.

அகதிக்கு நிற்பது புதிதல்ல. நிவாரண அரிசிக்கு, பதிவுக்கு, சோதனைச் சாவடிக்கு, விசாரணைக்கு என்று எங்கள் வயதில் பாதி கியூவிலேயே போய்விட்டது. அவையெல்லாம் எங்களை நிற்கவைத்த கியூக்கள். நாங்களாக விரும்பிப் போய் நிற்கிற கியூ ஒன்றுதான் உண்டு. அது புதுப்படத்தின் முதற் காட்சிக்கு நிற்கிற கியூ. அங்கே அடையாள அட்டை கேட்பார் இல்லை. எந்த ஊர், எப்ப வந்தது, கேஸ் என்ன மாதிரி என்று துருவுவாரும் இல்லை. நீ எந்த நடிகரின் ஆள் என்ற ஒரு கேள்வியோடு சரி.

நான் வேலை செய்யும் றெஸ்ரோறன்ற் ஒக்லண்டில் பென்ரோஸ் பகுதியில் இருக்கிறது. தொழிற்சாலைகளும் பண்டகசாலைகளும் நிறைந்த இடம். பகல் முழுக்க கிரேட் சவுத் ரோட்டில் லொறி இரைச்சல்; இருட்டினால் தெருவில் சனமில்லை. பக்கத்து மவுண்ட் வெலிங்டனில், சில்வியா பார்க் கடைத்தொகுதிக்குள், ஒரு தியேட்டர் உண்டு. அப்பா தன் இளவயதில் யாழ்ப்பாணம் வெலிங்டன் தியேட்டரில் கலரி ரிக்கற்றுக்கு அடிபட்ட கதையை ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். அந்தத் தியேட்டர் போய், வெலிங்டன் சந்தி என்ற பெயர்தான் மிச்சம். மவுண்ட் வெலிங்டனில் படம் பார்க்கிறேன் என்று ரெலிபோனில் சொன்னபோது, "அப்ப நீயும் அங்கைதான் நிக்கிறாய்" என்று சிரித்தார்.

எங்களோடு நிற்பவர்கள் பலவிதம். எங்கள் குசினியின் பெரிய சமையற்காரர் மதுரைப் பக்கம், ரஜினி ரசிகர். கோப்பை கழுவ வருகிற பெடியன் ஐதராபாத்திலிருந்து படிக்க வந்தவன். பிஜியிலிருந்து வந்த ஒரு அம்மாவும் வருவா. பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழராம். அவவுக்குத் தமிழில் ஒரு வசனம்கூட வராது. ஆனால் கதாநாயகன் திரையில் தோன்றும்போது முதல் விசில் அவவுடையது.

நட்சத்திரம் எவரும் இங்கே வருவதில்லை. வாசலில் நிற்கிற மட்டை உருவத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வோம். "நேரில வந்தா எப்படி இருக்கும்!" என்று யாராவது ஒருவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். 2024 டிசம்பர்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நியூசிலாந்தின் கோடைகாலத்தில் எங்கள் மணிக்கூடு இந்தியாவைவிட ஏழரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. டிசம்பர் 4ஆம் திகதி இரவு ஐதராபாத்தில் புஷ்பா இரண்டாம் பாகத்தின் முன்காட்சி நடந்தபோது எங்களுக்கு 5ஆம் திகதி விடிந்துகொண்டிருந்தது. சந்தியா தியேட்டருக்கு அல்லு அர்ஜுன் நேரில் வந்தார். அவரைப் பார்க்கச் சனம் நெருக்கியதில், குடும்பத்தோடு படம் பார்க்க வந்த ஒரு தாய் இறந்துபோனார். அவருடைய சின்ன மகன் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். 13ஆம் திகதி நடிகரைக் கைதுசெய்தார்கள். இடைக்காலப் பிணையில் மறுநாட் காலை வெளியே வந்தார்.

அன்று பின்னேரம் எங்களுக்கும் அதே படத்துக்கு ரிக்கற் இருந்தது. பெடியன் கோப்பைகளைக் கழுவியபடி, அந்தக் கேற்றில் தானும் எத்தனையோ தரம் நின்றிருப்பதாகச் சொன்னான். போவதா விடுவதா என்று கதைத்தோம். சமையற்காரர்தான், "ஆளு வந்து நின்னா எவனுக்குப்பா வரிசை ஞாபகம் இருக்கும்? நம்ம தியேட்டருக்குத்தான் யாரும் வரமாட்டாங்களே, வா" என்றார். போனோம். அன்று கியூவில் சத்தம் குறைவு. பிஜி அம்மாவும் விசிலடிக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் என் பௌதிகவியல் இரண்டாம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனாலும் இதை விளங்கிக்கொள்ள அது போதும். ஒரு சதுர மீற்றருக்குள் ஐந்து பேருக்கு மேல் நெருங்கினால் சனம் சனமாக இராது, தண்ணீர் மாதிரி ஆகிவிடும். பின்னால் ஒருவர் சாய்ந்தால் அந்த அலை முன்னால் நிற்பவரின் நெஞ்சில் போய் முடியும். நெரிசலில் இறப்பவர்கள் பெரும்பாலும் மிதிபட்டுச் சாவதில்லை. நெஞ்சை விரித்து மூச்சு எடுக்க இடமில்லாமல் சாகிறார்கள். பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவன் தள்ளுவது கோபத்தில் அல்ல, ஆசையில்.

2025 செப்டம்பர் 27இல் கரூரில் விஜய்யின் கூட்டத்தில் 41 பேர் இறந்தார்கள். அது படமல்ல, கட்சிக் கூட்டம். ஆனால் மதியத்திலிருந்து வெயிலில் நின்ற சனம், இரவு ஏழு மணிக்குப் பிறகு வண்டி வந்தபோது நெருங்கிய விதம் தியேட்டர் வாசலில் நெருங்குகிற அதே விதம்தான்.

கரூர்ச் செய்தி கேட்ட அன்று அம்மா ஊரிலிருந்து எடுத்தா. அவ 2009க்குப் பிறகு எந்தக் கியூவிலும் நிற்கிறதில்லை. கூப்பன் கடைக்குக்கூடத் தங்கச்சிதான் போவாள். அந்த ஆண்டு ஏப்ரல் 8இல் அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மாரும் பிள்ளைகளும் எறிகணையில் இறந்தது ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. அம்மாவுக்கு அறிக்கை தேவையில்லை. "பாலுக்கு நிண்டதுகள் எண்டால் விளங்குது தம்பி. இதுகள் என்னத்துக்கு நிண்டதுகள்?" என்று கேட்டா.

அதற்கு நான் சொல்ல நினைத்த பதில் நீளமானது. காத்துநிற்பதில் குற்றமில்லை, அம்மா. நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டியோடு நிற்கிறவனுக்கு அந்த ஒரு மணித்தியாலம் சொந்த நேரம். குற்றம், இவ்வளவு சனத்தையும் ஒரு வாசலுக்கு ஓடவைக்கிற ஏற்பாட்டில்.

இந்த நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2003 டிசம்பர் 1இல் 'லோர்ட் ஒவ் த றிங்ஸ்' மூன்றாம் படத்தின் உலக முதற்காட்சி தலைநகர் வெலிங்டனில், எம்பஸி தியேட்டரில் நடந்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் தெருவில் நின்றது. நடிகர்கள் திறந்த கார்களில் நகரத் தெருக்களால் ஊர்வலமாக வந்தார்கள். கூட்டம் ஒரு வாசலில் முடிச்சாகத் திரளாமல், நாடாபோலத் தெரு நீளத்துக்கு நின்றது. நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம் என்றால் எவன் ஓடுவான்?

இது எங்களுக்குத் தெரியாத வித்தையுமல்ல. உள்ளே வர ஏலாத கிழடுகட்டைகளும் கும்பிடவேண்டும் என்றுதான் சுவாமி வீதியுலா வருகிறது என்பார்கள். படலையில் நிறைகுடம் வைத்துவிட்டுச் சனம் நிற்கும், சுவாமி வருவார். காத்திருப்பவரிடம் வருவது பெரியவருக்குரிய முறை. சுவாமிக்கு வைத்த அந்த முறையை நடிகருக்கு வைக்க நாங்கள் மறந்துபோனோம்.

இவ்வளவையும் அம்மாவிடம் சொல்லவில்லை. "இனிமேல் ஓரமா நிக்கிறன் அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஐதராபாத்துப் பெடியனின் தாய் மகனைப் பார்க்க வரப்போகிறாவாம். அந்த நேரம் ஒரு தெலுங்குப் படம் வந்தால் கூட்டிக்கொண்டு போகவேண்டும், எனக்கும் சேர்த்து ரிக்கற் எடுக்கவா அண்ணா என்று கேட்டான். எடு என்றேன். சீற்றுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். கதவு திறந்தபிறகு எல்லாரும் போகட்டும், நாங்கள் கடைசியாக ஆறுதலாகப் போய் இருக்கலாம்.