முகப்புல வச்ச ஆறு புத்தகம்



நேத்து ராத்திரி மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் வர்ற வரைக்கும் கொட்டகையில உட்கார்ந்து ஒரு வேலை பார்த்தேன். ஃபேஸ்புக்ல என்னைப் பத்தின விவரம் இருக்கிற இடத்துல பிடித்த புத்தகங்கள்னு ஆறு புத்தகத்தோட பேர் போட்டு வச்சிருந்தேன். அதுல நாலை எடுத்துட்டேன். யாரும் கேக்கல, யாருக்கும் தெரியாது. ஆனா எதுக்கு எடுத்தேன்னு சொல்லணும்னு தோணுது. ஏன்னா அதுல ஒருத்தருக்கு ஒரு போகம் நெல்லு போயிருக்கு.

அந்தப் பட்டியல் எப்படி வந்துச்சுன்னு முதல்ல சொல்றேன். 2021ல ஊரடங்கு நேரம். மக காலேஜ் மூடி வீட்டுல இருந்தா. என் போன்ல அவதான் எல்லாத்தையும் நிரப்பினா. ஊரு திருவண்ணாமலை, தொழில் விவசாயம், படிப்பு பன்னெண்டாவது. அப்புறம், "அப்பா, பிடிச்ச புத்தகம்லாம் சொல்லு"ன்னா.

உடனே வாயில வந்தது கோபல்ல கிராமம். லைப்ரரியில எடுத்து மூணே ராத்திரியில முடிச்ச புத்தகம். எழுதின கி.ராஜநாராயணன் இடைசெவல்ல விவசாயம் பார்த்தவரு. பள்ளிப் படிப்பு பெருசா கிடையாது. 1976ல வந்த நாவல் அது. அதோட அடுத்த பாகத்துக்குத்தான் 1991ல சாகித்ய அகாடமி கொடுத்தாங்க. அவரு எழுதினதைப் படிச்சப்ப எங்க அப்பா திண்ணையில உட்கார்ந்து பேசற மாதிரியே இருந்துச்சு.

"ஒண்ணுதானா?"ன்னு கேட்டா மக.

அந்த ஒரு கேள்வியில எனக்கு வெக்கம் வந்துருச்சு. நாங்க இருக்கிறது ரமணாசிரமத்துக்கு மேற்கால, செங்கம் ரோட்டை ஒட்டின ஊரு. இங்க டீக்கடையில பக்கத்துல உட்கார்ற வெள்ளைக்காரர் கையிலயும் புத்தகம் இருக்கும். கிரிவலத்துக்கு வந்து அப்படியே வீடு எடுத்துத் தங்கிட்ட மெட்ராஸ்காரங்க கையிலயும் புத்தகம் இருக்கும். என்கிட்ட கீரை வாங்கறவங்கள்ல பாதிப் பேரு அவங்கதான். அவங்க என் பக்கத்தைப் பார்த்தா, இவரு சும்மா கழனிக்காரர் இல்ல, விஷயம் தெரிஞ்சவருன்னு நினைக்கணும்னு ஒரு ஆசை. அதுக்காக இன்னும் அஞ்சு சொன்னேன். திருக்குறள், பொன்னியின் செல்வன், சத்திய சோதனை, நான் யார்?, ஒற்றை வைக்கோல் புரட்சி.

இப்ப உண்மையைச் சொல்லிடறேன். பொன்னியின் செல்வன்ல அஞ்சு பாகம் இருக்கு. நான் படிச்சது ரெண்டு. சத்திய சோதனையில காந்தி தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினதோட நான் இறங்கிட்டேன். நான் யார்? சின்னப் புத்தகம். 1902 வாக்குல சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விக்கு ரமணர் எழுதிக் காட்டின பதில்லேருந்து வந்தது. அதை முழுசா படிச்சிருக்கேன், ஆனா ஒரு நாள்கூட உட்கார்ந்து அப்படி விசாரிச்சதில்ல. திருக்குறள்ல பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினது போக, உழவு அதிகாரம் பத்துக் குறளும் தெரியும். ஒற்றை வைக்கோல் புரட்சி ஒரு கூட்டத்துல வாங்கினது. நாப்பது பக்கம் படிச்சிருப்பேன். அப்புறம் மல்லாட்டை பிடுங்கற நேரம் வந்துச்சு, புத்தகம் பரணுக்குப் போயிருச்சு.

ஆனா முகப்புல ஆறும் வரிசையா அழகா நின்னுச்சு. ரெண்டு பேரு "அருமையான தேர்வு அண்ணா"ன்னு எழுதினாங்க. எனக்கும் சந்தோஷம்.

போன வருஷம் ஆனி மாசம் ஒரு தம்பி என்னைத் தேடிக்கிட்டு வந்தாரு. முப்பது வயசு இருக்கும். சென்னையில கம்ப்யூட்டர் வேலையை விட்டுட்டு, நம்ம பக்கத்துல அறுபது சென்ட் குத்தகைக்கு எடுத்திருந்தாரு. வந்ததும் முதல் பேச்சே, "அண்ணே, உங்க பக்கத்துல ஃபுகோகா புத்தகம் பார்த்தேன். இந்த ஊர்ல அதைப் படிச்ச விவசாயி ஒருத்தர் இருக்கிறாரேன்னுதான் வந்தேன்"னாரு.

அந்த இடத்துலயே சொல்லியிருக்கணும். தம்பி, நாப்பது பக்கம்தான் படிச்சேன், என் கழனியில டிராக்டர்தான் ஓடுதுன்னு. சொல்லல. "வாங்க தம்பி, உக்காருங்க"ன்னு மோர் கொடுத்தேன். பரண்லேருந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். அவரு அங்கேயே புரட்டி, உழவு வேண்டாம், உரம் வேண்டாம், களை எடுக்க வேண்டாம், பூச்சி மருந்து வேண்டாம்னு நாலையும் விரல் விட்டு எண்ணிட்டு, "நம்ம மண்ணுக்கு இது சரியா வருமாண்ணே?"ன்னு கேட்டாரு.

"ஆமா தம்பி, வரும்"னேன்.

ரெண்டு வார்த்தைதான். இன்னிக்கும் அது காதுல கேக்குது.

ஆவணியில அவரு உழாம, சேடை ஓட்டாம, அறுபது சென்ட்லயும் மாப்பிள்ளைச் சம்பா இருபது கிலோவை அப்படியே தூவிட்டாரு. மேல கொஞ்சம் வைக்கோல். நம்ம பக்கம் மயிலு எப்படின்னு உங்களுக்குத் தெரியும். ஆசிரமத்துக்குள்ள அது தோகை விரிச்சா போட்டோ எடுப்பாங்க, கழனியில இறங்கினா நம்ம வயிறு எரியும். விடிகாலையில கூட்டமா வந்து வைக்கோலைச் சீய்ச்சி விதையைப் பொறுக்கிடுச்சு. மிச்சம் முளைச்சதைக் கோரை அமுக்கிடுச்சு. அந்தக் கழனி மூணு வருஷமா தரிசா கிடந்தது, அடியில கோரைக்கிழங்கு ஜல்லி மாதிரி கிடந்திருக்கு. அதைக்கூட நான் ஒரு நடை போய்ப் பார்க்கல. ஐப்பசியில அந்தப் பக்கமா வண்டியில போனப்பதான் பார்த்தேன். நெல்லை எங்கன்னு தேடணும். எனக்கு வண்டியை நிறுத்தத் தைரியம் வரல. அப்படியே வந்துட்டேன்.

தீபம் முடிஞ்சு ஒரு வாரத்துல அவரே வந்தாரு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க. கோபம் ஒண்ணும் இல்ல. டீ குடிச்சாரு. அப்புறம் புத்தகத்துல ஒரு பக்கத்தைத் திறந்து காட்டி, "அவங்க அப்பாவோட ஆரஞ்சுத் தோட்டம் பட்டுப்போனதை எழுதியிருக்காரே, இதை முன்னாடியே படிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். விதைச்சப்புறம்தான் படிச்சேன். நீங்க படிச்சிருக்கீங்கல்லண்ணே?"ன்னாரு.

குத்திக் காட்டறதுக்காகக் கேட்டாரா, நிஜமாவே கேட்டாரான்னு எனக்குத் தெரியல. ரெண்டுமே ஒண்ணுதான். "இல்ல தம்பி, படிக்கல"ன்னு அப்பதான் சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. "சரிண்ணே"ன்னாரு. அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து புத்தகத்தை முதல்லேருந்து படிக்க ஆரம்பிச்சேன். நாலு நாள்ல முடிச்சேன். ஃபுகோகா ஜப்பான்ல ஷிகோகு தீவுக்காரரு. ஆரம்பத்துல அப்பாவோட ஆரஞ்சு மரங்களை, இயற்கை பார்த்துக்கும்னு கவாத்து பண்ணாம விட்டிருக்காரு. கிளை மேல கிளை ஏறி, பூச்சி விழுந்து, தோட்டமே பட்டுப்போச்சு. அப்படியே விட்டுடறது வேற, இயற்கை விவசாயம் வேறன்னு அவரு கத்துக்கிட்டது அதுலேருந்துதான். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல உழாத கழனின்னு சொல்றாரே தவிர, அங்க அவரு சும்மா இருக்கல. நெல்லுக்குக் கீழ க்ளோவர்னு ஒரு செடியை மூடாக்கா வளர்க்கிறாரு. அறுத்த வைக்கோலையெல்லாம் திருப்பிப் பரப்பறாரு. மழைக்காலத்துல சில நாள் தண்ணி நிறுத்திக் களையை அடக்கறாரு. விதையைப் பறவை பொறுக்காம இருக்க களிமண் உருண்டையில வச்சுப் போடறாரு. மயிலுக்குப் பதில் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருந்திருக்கு! நான் படிக்காத பக்கத்துல.

இன்னொண்ணும் அப்பதான் உறைச்சுது. என் ஆறு புத்தகத்துலயே ரெண்டு ஒண்ணுக்கொண்ணு சண்டை. வள்ளுவர் உழவு அதிகாரத்துல, ஒரு பலம் புழுதி கால் பலமா வத்தற அளவுக்கு உழுது காயப்போட்டா ஒரு பிடி எருகூட வேண்டாம்ங்கிறாரு. ஜப்பான்காரரு உழவே வேண்டாம்ங்கிறாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி ரெண்டும் எனக்குப் பிடிக்கும்னு போட்டிருக்கேன். ரெண்டு பேரு சொல்றதையும் காதுல வாங்கியிருந்தா, எது எந்த மண்ணுக்குன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்க மாட்டேனா? அதே அதிகாரத்துல, தண்ணி பாய்ச்சறதைவிடக் காவல் பெருசுன்னும் இருக்கு. அதை அந்தத் தம்பிக்குச் சொல்லியிருந்தாலே பாதி விதை மிஞ்சியிருக்கும்.

இந்த நேரத்துல ஆசிரமத்தைப் பத்தி ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. அண்ணாமலை சுவாமின்னு ஒருத்தர் இருந்தாரு. கிராமத்துப் பிள்ளை, பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்ல. 1928ல ஆசிரமத்துக்கு வந்தாரு. நாம இன்னிக்குப் பார்க்கிற கோசாலை, சாப்பாட்டுக் கூடம் எல்லாம் அவரு நின்னு வேலை வாங்கிக் கட்டினது. 1938ல அந்த வேலையை விட்டுட்டுப் பக்கத்துல பலாக்கொத்துல போய்த் தங்கினாரு. அவருக்கு ரமணர் ஆறு புத்தகம் சொல்லியிருக்காரு. கைவல்லிய நவநீதம், ரிபு கீதை, அஷ்டாவக்ர கீதை, எல்லாம் ஒன்றே, சொரூப சாரம், யோக வாசிஷ்டம். அதுலயும் எல்லாம் ஒன்றேங்கிற புத்தகத்தைத் தனியா அழுத்திச் சொன்னாராம். அது பெரிய பண்டிதர் எழுதின காவியம் இல்ல, சின்னப் புத்தகம்.

அவரு சொன்னதும் ஆறு, நான் போட்டதும் ஆறு. ஆனா அது எதிர்ல நிக்கிற ஒரு ஆளைப் பார்த்து, இவருக்கு இது வேணும்னு கொடுத்தது. கொடுத்தவருக்கு அந்தப் புத்தகங்கள் உள்ளங்கை மாதிரி. பழைய ஹால்ல ரமணரோட சோபா பக்கத்துல சுத்தற மாதிரி ஒரு புத்தக அலமாரி இருந்துச்சுன்னு அங்க இருந்தவங்க எழுதியிருக்காங்க. யாராவது ஒண்ணு கேட்டா அதுலேருந்து எடுத்துப் பக்கத்தைக் காட்டுவாராம். கை எட்டற தூரத்துல இருந்த அலமாரி அது. என்னோடது பரண். பேரை மட்டும் கீழ இறக்கி வாசல்ல மாட்டியிருந்தேன்.

நம்ம வண்டியில ஒரு போர்டு வச்சிருக்கேன், மருந்து அடிக்காத கீரைன்னு. அதுல ஒரு எழுத்து பொய் இருந்தா எனக்குத் தூக்கம் வராது. ஏன்னா ஒருத்தர் அதை நம்பிப் புள்ளைக்கு ஊட்டறாங்க. புத்தகம் பேரு மட்டும் சும்மா அலங்காரம்னு நினைச்சுட்டேன். அதையும் ஒருத்தர் நம்பி விதைப்பாருன்னு தோணவே இல்ல.

மார்கழியில என் செலவுல அந்தத் தம்பி கழனியை ரெண்டு சால் ஓட்டிக் கொடுத்தேன். கோரைக்கிழங்கை ஆள் விட்டுப் பொறுக்கினோம். வேண்டாம்னாரு, நான் கேக்கல. மல்லாட்டை விதை என்கிட்ட இருந்ததைக் கொடுத்தேன். இப்ப தை முடியப் போகுது, பூ வச்சிருக்கு. காலையில ஒரு நாள் நான் மயிலு விரட்டறேன், ஒரு நாள் அவரு. நெல்லு போனதுக்கு அது ஈடு ஆகாது, தெரியும்.

இப்ப என் முகப்புல ரெண்டுதான் இருக்கு. கோபல்ல கிராமம். அப்புறம், திருக்குறள் - உழவு அதிகாரம் மட்டும். மக போன்ல பார்த்துட்டு, "என்னப்பா இப்படிப் போட்டிருக்கே, பார்க்கிறவங்க சிரிப்பாங்க"ன்னா. சிரிக்கட்டும்னேன்.

ஒற்றை வைக்கோல் புரட்சியை எடுத்துட்டேன். புத்தகம் மேல குறை இல்ல. கிணத்து மேட்டுல அஞ்சு சென்ட் ஒதுக்கியிருக்கேன். க்ளோவர் நம்ம வெயிலுக்குத் தாங்காதுன்னு நினைக்கிறேன், அதனால தட்டைப்பயறை மூடாக்கா விட்டிருக்கேன். ஆடியில களிமண் உருண்டை பிடிச்சு விதைக்கணும். உருண்டை பிடிக்க அந்தத் தம்பியும் வர்றேன்னிருக்காரு. மூணு போகம் பார்த்துட்டு, விளைஞ்சாலும் விளையாட்டியும் என்ன ஆச்சுன்னு இங்க எழுதறேன். அதுக்கப்புறம் அந்தப் பேரை அங்க வைக்கலாமான்னு பார்க்கலாம்.

கரண்ட் வந்துருச்சு. மடை திருப்பப் போறேன்.