கிணத்துல நூறு சுத்து

"எவ்ளோ பரிசு குடுப்பாங்க?"

அயர்ன்மேன் டிரையத்லானுக்குப் பயிற்சி எடுக்கிறேன்னு ஊர்ல சொன்னா வர்ற முதல் கேள்வி இதுதான். ஒண்ணும் குடுக்கமாட்டாங்க, நாமதான் பணம் கட்டணும், அதுவும் என் பெங்களூர் ரூமோட மூணு மாச வாடகைக்குக் கிட்ட வரும், முடிச்சா ஒரு மெடல், ஒரு பனியன். இதைச் சொன்னதும் டீக்கடையில் ஒரு நிமிஷம் அமைதி நிலவும். அப்புறம் யாராவது ஒருத்தர், "காசும் குடுத்துட்டு அடியும் வாங்கிட்டு வர்றதா?" என்பார். பதில் சொல்லத் தெரியாமல் பஜ்ஜியை எடுத்து வாயில் வைத்துக்கொள்வேன் :-)

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். முதலில் 3.8 கி.மீ. நீச்சல். ஈரத்தோடு ஏறி வந்து 180 கி.மீ. சைக்கிள். இறங்கினதும் 42.2 கி.மீ. ஓட்டம், அதாவது ஒரு முழு மாரத்தான். மொத்தம் 226 கி.மீ., பெரும்பாலான போட்டிகளில் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவிலும் கெடு உண்டு. நீச்சலை 2 மணி 20 நிமிஷத்தில் முடிக்காவிட்டால் சைக்கிளைத் தொடவே விடமாட்டார்கள்.

இது ஆரம்பித்த கதை நம்ம ஊர் திண்ணைப் பேச்சு மாதிரிதான். நீச்சல்காரனுக்கு உடம்பு உறுதியா, ஓட்டக்காரனுக்கா, சைக்கிள்காரனுக்கா என்று ஹவாய்த் தீவில் ஒரு வாக்குவாதம். ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, அங்கே ஏற்கெனவே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த மூன்று போட்டிகளின் தூரத்தையும் ஒரே நாளில் கோர்த்துவிட்டார். 1978 பிப்ரவரியில் நடந்த முதல் போட்டிக்கு வந்தது 15 பேர், முடித்தது 12 பேர். நம்மாளுங்க திண்ணையில் வாக்குவாதம் பண்ணினால் சீட்டுக்கட்டோட முடிஞ்சிடும். அவங்க உலகத்துக்கே வேலை வச்சிட்டாங்க.

இதுவும் போதாது என்பவர்களுக்கு அல்ட்ராமேன் இருக்கிறது. மூணு நாள், 10 கி.மீ. நீச்சல், 420 கி.மீ. சைக்கிள், 84 கி.மீ. ஓட்டம். நடிகர் மிலிந்த் சோமன் 2015ல் ஜூரிக்கில் அயர்ன்மேன் முடித்தபோது டிவியெல்லாம் காட்டினார்கள். 2017ல் ஃப்ளோரிடாவில் அல்ட்ராமேனும் முடித்தார். ஆனால் அவருக்கு எட்டு வருஷம் முன்னாடியே, 2009ல், அனு வைத்யநாதன் என்ற பெண் கனடாவில் அல்ட்ராமேனை முடித்துவிட்டார். அதை முடித்த முதல் ஆசியப் பெண். அவரும் இன்ஜினியர்தான், நியூசிலாந்தில் பிஎச்.டி. பண்ணியவர். 2016ல் புத்தகமும் எழுதினார். மிலிந்த் சோமனைத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? ஹூம்... இதைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு போடலாம், புலம்பல் பதிவாக.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

கொரோனாவுக்குப் பிறகு எனக்கு வாரத்தில் மூணு நாள்தான் ஆபீஸ். மீதி நாள் வீட்டிலிருந்தே வேலை. வீடு என்றால் பெங்களூர் ரூம் இல்லை, பென்னாகரம் பக்கத்து எங்கள் கிராமம். வியாழக்கிழமை ராத்திரி தர்மபுரி பஸ் பிடித்தால் மூணு நாளும் ஊர்தான். அயர்ன்மேன் பயிற்சி எழுதுகிறவர்கள் எல்லாம் நீச்சல்குளம், ஜிம், சைக்கிளுக்குத் தனிப்பாதை இருக்கிற ஊர்க்காரர்கள். தர்மபுரி மாவட்டத்துக்கு ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. அதனால் நானே எழுதிக்கொண்டேன்.

முதலில் சைக்கிள். தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கி.மீ. இண்டூர், பென்னாகரம் தாண்டி, அப்புறம் காட்டுக்குள் மலை இறக்கம். போய்த் திரும்பினால் 92. ரெண்டு தடவை போய் வந்தால் 184! அந்த அயர்ன்மேன் ஆட்கள் எங்க ஊரை அளந்து பார்த்துத்தான் தூரம் வைத்தார்களோ என்னவோ. ஆனால் இந்தக் காட்டில் யானை உண்டு. "யானை கடக்கும் பகுதி" என்று போர்டு வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. அதனால் வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் இறக்கத்தில் இறங்குவேன், மதியத்துக்குள் மேலே ஏறிவிடுவேன். இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வரும் (காத்து!). ஏறும்போதும் வரும் (காத்து இல்லை). ஏற்றம் இன்னும் வேண்டுமென்றால் வத்தல்மலை இருக்கிறது. இருபதுக்கும் மேல் கொண்டை ஊசி வளைவு, மேலே போனால் காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும்.

பக்கத்திலேயே வழவழ என்று நெடுஞ்சாலை சேலத்துக்குப் போகுதே, அதில் ஓட்டலாமே என்று பெங்களூர் நண்பன் கேட்டான். தொப்பூர் கணவாய் தெரியாதவன். தர்மபுரிப் பக்கமிருந்து சேலத்துக்குப் போகும்போது அது நீளமான இறக்கம். பாரம் ஏற்றிய லாரிக்கு பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் முன்னால் நிற்கிற எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். 2024 ஜனவரியில் அங்கே நடந்த விபத்தின் சிசிடிவி காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொட்டலம் மாதிரி லாரி பாலத்துக்குக் கீழே விழும். ஒன்பது கிலோ சைக்கிளில் அங்கே எனக்கு வேலை இல்லை. அம்மாவிடம் கொடுத்த ஒரே வாக்குறுதியும் அதுதான்: தொப்பூர்ப் பக்கம் சக்கரம் திரும்பாது.

சீமைக்கருவேல முள், இண்டூர் நாய்கள், சைக்கிளுக்குள் மோட்டார் இருக்கிறதா என்று நிறுத்திக் கேட்கும் பெரியவர்கள் — இதெல்லாம் பயிற்சியின் ஒரு பகுதி. ஒரு தாத்தா ரொம்ப நேரம் சீட்டையே பார்த்துவிட்டு, "இதுல எப்பிடிப்பா குந்துற?" என்றார். நியாயமான கேள்வி.

சாப்பாட்டில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மணிக்கு 60 கிராமாவது மாவுச்சத்து உள்ளே போகணும், பழகிய வயிறு 90 வரை தாங்கும் என்பது கணக்கு. இதற்கென்று ஜெல் விற்கிறார்கள், ஒரு பாக்கெட் ஒரு பிரியாணி விலை. நான் கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம், சட்டைப்பையில் உப்புப் போட்ட புளி உருண்டை. சைக்கிள் முடிந்து வந்தால் ராகிக்களியும் கீரைக் கடைசலும். ஜெல் கம்பெனிக்காரன் எங்கள் வீட்டுக் களியைச் சாப்பிட்டால் கடையை மூடிவிடுவான்.

ஆனால் தண்ணி? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவையே எழுத ஆரம்பித்தேன், வழக்கம்போல எங்கேயோ போய்விட்டது.

வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வேர்வை போகும். வெறும் தண்ணியாகக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி மயக்கம், வலிப்பு வரைக்கும் போகும். அதனால் உப்பும் சர்க்கரையும் கலந்து குடிக்க வேண்டும். குடலில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணியும் போகும். ஆஸ்பத்திரியில் பேதிக்குத் தருகிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் சூட்சுமமும் இதுதான். ஆக ஏழு மணி நேர சைக்கிளுக்கு ஏழெட்டு லிட்டர்.

எங்க மாவட்டத்தில் ஏழெட்டு லிட்டர் தண்ணி என்பது சாதாரண விஷயம் இல்லை. இங்கே பாறையிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. போர் ஆழமாகப் போகப் போக, பாறையோடு ஊறிக் கிடந்த தண்ணியில் அது கூடும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரெண்டு மில்லிகிராம் உள்ள போர்த்தண்ணியை ஏசி ரூமில் உட்கார்ந்து மூணு லிட்டர் குடிக்கிறவனுக்கு ஆறு மில்லிகிராம் போகும். அதே தண்ணியை வெயிலில் கடலைக்காட்டில் களை எடுத்துவிட்டு ஏழு லிட்டர் குடிக்கிறவருக்குப் பதினாலு. எவ்வளவு உழைக்கிறாரோ அவ்வளவு உள்ளே போகும்.

சின்ன வயசில் பல் முளைக்கும்போது குடித்தால் பல்லில் பழுப்புக் கோடு விழும். என் பல்லில் இருக்கிறது. காலேஜில் முதல் வருஷம் பாதி பேர் நான் பான்பராக் போடுவேன் என்றே நினைத்தார்கள். போட்டோவில் வாயை மூடியே சிரித்த நாலு வருஷம் அது. அப்பாவுக்குப் பல்லோடு நிற்கவில்லை. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பில் படிந்து, எலும்பைச் சேர்க்கும் நார் எல்லாம் இறுகிவிடும். மூட்டுவலி என்று பத்து வருஷம் தைலம் தேய்த்த பிறகுதான் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஃபுளோரோசிஸ் என்றார். குணப்படுத்த மருந்து கிடையாது, நல்ல தண்ணி குடிங்க, அவ்வளவுதான் என்றார். அப்பாவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. கழுத்து திரும்பாது. யாராவது பின்னால் கூப்பிட்டால் கதவு மாதிரி முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பார்.

ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013ல் திறந்தார்கள். அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. காவேரித் தண்ணியை மலை மேல் ஏற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் அனுப்புகிறார்கள். எங்க தெருவில் அந்தக் குழாய்க்கு "ஒகேனக்கல் தண்ணி" என்றே பெயர். என் சைக்கிள் பாட்டிலில் போவதும் அதுதான். ஒகேனக்கல்லில் இருந்து ஏறி வந்த தண்ணியை பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஒகேனக்கல்லுக்கே இறங்கிப் போகிறேன், கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிற மாதிரி. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது, இதே மேட்டில் மோட்டார் போட்டு இவ்வளவு தண்ணியை ஏத்துறானே என்று ஒரு மரியாதையும் வரும். அப்பாவுக்கு அந்தக் குழாய் இருபது வருஷம் முன்னாடி வந்திருக்கணும்.

இப்போது நீச்சல். ஒகேனக்கல்லில் அவ்வளவு தண்ணி ஓடும்போது அங்கேயே நீந்தலாமே என்று நினைப்பவர்களுக்கு: பாறைச் சுழல் ஒரு பக்கம், முதலை இன்னொரு பக்கம். அங்கே முதலைப் பண்ணையே வைத்திருக்கிறார்கள். பரிசலில் போங்க, மீன் சாப்பிடுங்க, வந்துடுங்க. எனக்கு எங்கள் கிணறு போதும்.

சதுரக் கிணறு. சுவரை ஒட்டிக் கயிறு பிடித்து அளந்தேன், ஒரு சுத்துக்கு 38 மீட்டர். நூறு சுத்து சுத்தினால் 3.8 கி.மீ.! (யானை, காடு, கிணறு எல்லாமே அயர்ன்மேன் கணக்கில் ஒத்துப்போகிற ஒரே மாவட்டம் இதுதான்.) ஐம்பது சுத்து இடப்பக்கம், ஐம்பது வலப்பக்கம். ஒரே பக்கம் சுத்தினால் அடுத்த நாள் ஒரு தோள் மட்டும் தனியாக வலிக்கும்.

எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததே அப்பாதான், இதே கிணற்றில். காய்ந்த சுரைக்காயை முதுகில் கட்டி, மோட்டார் கொட்டாய் மேலிருந்து தூக்கிப் போட்டார். அப்போது அவர் அந்த மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிப்பார். உள்ளே போய் அடி மண்ணை ஒரு பிடி எடுத்துக்கொண்டு வந்து காட்டுவார்.

தனியாக நீந்தக்கூடாது என்பது என் சட்டம். அதனால் இப்போது நான் நீந்தும்போது அவர்தான் காவல். கிணத்தில் இறங்க முடியாது, படிக்கு மடங்குகிற முட்டி இல்லை. மேலே கல்லின் மேல் உட்கார்ந்து, மடியில் நூறு புளியங்கொட்டை வைத்துக்கொள்வார். சுத்துக்கு ஒண்ணு எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போடுவார். நான் சுத்தும்போது கழுத்து திரும்பாததால் கல்லின் மேலேயே நகர்ந்து நகர்ந்து உட்காருவார். மூச்சுக்குத் தலையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருப்பது தெரியும். எனக்கு ஒரு மணி நாற்பத்தைந்து நிமிஷம் ஆகும். அத்தனை நேரமும்.

முதல் தடவை நூறு முடித்து ஏறினபோது, "தொண்ணூத்தெட்டுதான் வருது" என்றார். என் கைக்கடிகாரம் வேறு சொன்னது. கடிகாரத்தை நம்பவில்லை, திரும்ப இறங்கி ரெண்டு சுத்து சுத்தினேன். புளியங்கொட்டைக்கு பேட்டரி தீராது இல்லையா.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடியக்காலை நாலரைக்குப் பால் வண்டிகளோடு ஓடுகிறேன். சைக்கிள் விட்டு இறங்கியதும் ஓடிப் பழகணும், முதல் ரெண்டு கி.மீ. கால் நம்முடையது மாதிரியே இருக்காது, மரக்கட்டை மாதிரி இருக்கும். அப்புறம் சரியாகிவிடும். இதுவரை ஒரே மூச்சில் ஓடியது 32 கி.மீ.

முழு தூரத்துக்கு முன்னால் பாதி தூரம் முடித்துப் பார்க்கணும், 1.9, 90, 21.1. கோவாவில் 2019ல் தொடங்கிய போட்டி அந்த ரகம், நீச்சல் கடலில். போன ஞாயிற்றுக்கிழமை அதன் வீடியோவை அப்பாவுக்குப் போனில் காட்டினேன். நூற்றுக்கணக்கான பேர் ஒரே கலர் தொப்பியோடு அலைக்குள் ஓடுவதை இரண்டு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார்.

"ஏண்டா, சுவரே இல்லையே?"

தூரத்துல மஞ்சளா ஒரு பலூன் மிதக்கும்ப்பா, அதைப் பார்த்துத்தான் போகணும் என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "கோவாவுக்கு ரயிலா, பஸ்ஸா?" என்றார். ரயில் என்றேன். கீழ் பெர்த் கிடைக்குமா என்று கேட்டார். அவருக்கு மேலே ஏற முடியாது.