டியூப் டெஸ்டுக்குப் போகுமுன், அம்மிணி

அருள்புரத்துப் பனியன் கம்பெனிகளில் ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் லீவுப் பேச்சே எடுக்க முடியாது. ஆனால் கருப்பையையும் கருக்குழாய்களையும் பார்க்கிற எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரேக்கு நாள் குறிப்பது உடம்புதான். மாதவிலக்கான முதல் நாளிலிருந்து எண்ணி, உதிரம் நின்றபின், பெரும்பாலும் 6ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் நடுவில் எடுப்பார்கள். விட்டால் அடுத்த மாதம்தான். அதனால் அம்மிணி, முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிவிடு. சூப்பர்வைசரிடமும் அன்றே சொல்லிவிடு. 'ஆஸ்பத்திரிக்குப் போகோணும்' என்றால் போதும், காரணம் அவருக்கு எதற்கு?

அதற்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன். உன் வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனை ஆயிற்றா? குழந்தை தள்ளிப்போகிற தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்துக் காரணமும் உண்டு. அவருக்கு ஊசியில்லை, வலியில்லை. 2 முதல் 7 நாள் உறவில்லாமல் இருந்து, ஒரு டப்பாவில் கொடுத்தால் முடிந்தது. அதைச் செய்யாமல் பெண்ணை மட்டும் எக்ஸ்ரே மேசையில் படுக்க வைக்கிற வழக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. மாமியார் கேட்டாலும் இதையே சொல்.

மாதவிலக்கான நாள் முதல் டெஸ்ட் முடியும்வரை கணவனும் மனைவியும் சேரக்கூடாது. தெரியாமல் கரு தங்கியிருந்தால் அதற்குக் கேடு. உள்ளே செலுத்துவது அயோடின் கலந்த மருந்து. ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அடிவயிற்று வலியோ நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிடு. உனக்கோ வீட்டில் யாருக்கோ டிபி வந்திருந்தால் கட்டாயம் சொல். நம் நாட்டில் குழாய் அடைபட டிபி ஒரு முக்கியக் காரணம். இருமலே இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருக்கும். கௌரவம் பார்த்து இதை மறைத்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நஷ்டமெல்லாம் அந்தப் பெண்களுக்குத்தான்.

வலிக்குமா என்றால், வலிக்கும். மாதவிலக்கு வலிபோல அடிவயிறு பிடித்து இழுக்கும். மருந்து உள்ளே போகிற நேரம்தான் கடுமை. டாக்டர் எழுதித் தந்த வலி மாத்திரையை அவர் சொன்ன நேரத்தில், டெஸ்டுக்கு முன்னமே போட்டுக்கொள். குழாயின் வாய் சில நேரம் இறுகிக்கொண்டு, இல்லாத அடைப்பு படத்தில் தெரிவதும் உண்டு. ஆகவே 'அடைப்பு' என்று எழுதி வந்தால் அழுது ஓய்ந்துவிடாதே. லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவில் பார்ப்பது, செய்து உறுதிப்படுத்த வேண்டுமா என்று கேள். இந்த டெஸ்டே சிலருக்குக் கைகொடுத்திருக்கிறது. நெதர்லாந்தில் 27 ஆஸ்பத்திரிகளில் 1,119 பெண்களிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில், எண்ணெய் கலந்த மருந்து செலுத்தியவர்களில் 39.7 சதவீதம் பேருக்கும், நீர் கலந்தது செலுத்தியவர்களில் 29.1 சதவீதம் பேருக்கும் ஆறு மாதத்துக்குள் கரு நிலைத்தது.

டெஸ்ட் அன்றைக்கு ஓவர்லாக் மெஷினில் போய் உட்காராதே. பீஸ் ரேட்டில் ஒரு நாள் கூலி போனால் போகட்டும். பிசுபிசுப்பாக நீர் கசியும், லேசாக உதிரம் படும். நாப்கின் எடுத்துப் போ. காய்ச்சலோ கடும் வலியோ அதிக உதிரப்போக்கோ வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. வீட்டுக்காரரையும் லீவு போடச் சொல். ரிப்போர்ட்டை டாக்டர் விளக்கும்போது அவரும் பக்கத்தில் இருக்கோணும்.