பெட்டிக்குத் தமிழ் தெரியுமா?

பட்டர்வொர்த்தில் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் நம்மிடம் வாலிபர் சிலர் வந்து, "ஐயா, நாற்பது வருஷ காலம் மென்பொருள் எழுதினீர்களே, அந்த அனுபவத்தை எழுதுங்கள்" என்று கேட்கிறார்கள். நமது உத்தியோக சரித்திரத்தில் பிறருக்குப் பயன்படத்தக்கது அதிகமில்லை. ஆனால் நிபுணன் என்ற மிடுக்கில் நாம் சொன்ன தவறான வார்த்தை ஒன்று உண்டு. அதையும், அதைப் பொய்யாக்கிய ஒருவரைப் பற்றியும் மாத்திரம் எழுதுவோம்.

நாம் செபராங் பிறையிலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தோம். தாயார் பால்வெட்டுத் தொழிலாளி. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை வாசித்தவர். 1972-ல் கடலுக்கு அக்கரையில், பாயான் லெப்பாஸில், சுதந்திர வர்த்தக வலயம் ஏற்பட்டு இன்டெல் முதலிய அந்நியக் கம்பெனிகள் வந்திறங்கின. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பால் வாளியை வைத்துவிட்டு அங்கே வேலைக்குப் போயினர். நாமும் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பகுதியில் சேர்ந்தோம். அப்பொழுது பாலம் கிடையாது. விடியுமுன் பெர்ரி ஏறி அக்கரை போய், சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் போடும் கட்டளைகளை எழுதிவிட்டு, இருட்டிய பின் திரும்புவோம்.

ஒரு நாள் தாயார் கேட்டார்: "ஏன்டா தம்பி, ஊர்க் கணக்கெல்லாம் பார்க்கிற உன் பெட்டிக்குத் தமிழ் தெரியுமா?"

நாம் சிரித்தோம். "அம்மா, அந்தப் பெட்டியில் எழுத்து வைக்க 256 இடந்தான் உண்டு. பாதியை இங்கிலீஷ் பிடித்துக்கொண்டது. நம் எழுத்தோ 247. எப்படி அடங்கும்?" என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை மடிக்கத் தொடங்கினார். படித்த மகன் சொன்னால் அந்த லயத்தில் மறுத்துப் பேச யார் இருந்தார்கள்!

நிற்க. பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட அதே 1985-ல், முத்து நெடுமாறன் என்னும் மலேசிய இளைஞர் முரசு அஞ்சல் என்ற மென்பொருளின் முதற் பதிப்பை உருவாக்கினார். இவர் தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் புதல்வர். மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்த பெரியவர் அவரே. நாம் அடங்காது என்று சொன்ன எழுத்தைப் புதல்வர் அடக்கிக் காட்டினார். எப்படி? கொம்பையும் காலையும் சங்கிலிக் கொம்பையும் தனித்தனி உருவாக வைத்துக்கொண்டு, வேண்டியபோது மெய்யோடு சேர்த்தால், 247 எழுத்துக்கு 247 இடம் வேண்டியதில்லை. அச்சுக் கோப்பவர் ஈயத்தில் செய்துவந்தது இதுவே. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த ஆர். முத்தையா தட்டச்சுப் பொறிக்குத் தமிழ் விசைகள் அமைத்ததும் இவ்வழியிலேதான். ஈ.வெ.ரா. 1935-ல் 'குடி அரசு' ஏட்டில் புகுத்தி, 1978-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம், ணை, லை, றா போன்றவற்றின் தனி உருவங்களை நீக்கி இவ்வேலையை இன்னும் இலகுவாக்கி வைத்திருந்தது. அச்சுக்கூடத்துத் தொழிலாளிக்குத் தெரிந்த விஷயம், சான்றிதழ் வைத்திருந்த நமக்குத் தோன்றவில்லை!

சில வருஷம் கழித்து அம்மென்பொருள் நமது கைக்கு வந்தது. உரோமன் எழுத்தில் ஒலிப்படி தட்டினால் திரையில் தமிழ் வரும். முதலில் தாயாருக்கே ஒரு பக்கக் கடிதம் அடித்து எடுத்துப் போனோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரியின்மேல் வைத்து, கடைசி வரை வாசித்தார். பிறகு நிமிர்ந்து, "எழுத்து நல்லாத்தான் இருக்கு. இடம் பத்தாதுன்னு சொன்னியே?" என்றார். பத்து வருஷத்துக்கு மேலாக அவர் அதை மறக்கவில்லை என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

அக்காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஆளுக்கொரு விதமாகத் தமிழுக்கு எண் கொடுத்திருந்தபடியால், ஒருவர் பெட்டியில் எழுதியது மற்றவர் பெட்டியில் கிறுக்கலாகத் தெரியும். 1991-ல் வெளிவந்த யுனிகோடு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாக எண் வகுத்தது. தமிழும் அதில் இடம்பெற்றது. அதன் முறை வேறு. 'கொ' என்று எழுதினால், கையால் எழுதுவதுபோல் கொம்பு முந்துவதில்லை. முதலில் 'க', அதன்பின் ஒகரக் குறி என்று ஒலி வரிசையிலேயே நினைவில் நிற்கும். அக்குறியைப் பிளந்து ஒரு பாதியை இடப்புறமும் மறுபாதியை வலப்புறமும் நிறுத்துவது எழுத்துருவின் வேலை. நாற்பது வருஷத்தில் நாம் கண்ட தந்திரங்களில் இவ்வளவு அழகானது வேறில்லை. தமிழர் கணினித் துறைக்கென 2000-ல் தோன்றிய உத்தமம் அமைப்பில் நெடுமாறன் இவ்விஷயங்களுக்காக உழைத்தார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே தமிழ் வேலையையும் விடாதவர். 2005-ல் செல்லினம் வந்தபோது கைப்பேசியிலும் தமிழ் ஏறியது.

நாமோ சம்பளப் பட்டியலோடு நின்றோம். நாம் எழுதிய கட்டளைகளில் ஒரு வரியும் இன்று எந்த இயந்திரத்திலும் ஓடவில்லை. தொழிற்சாலை புது முறைக்கு மாறியபோது ஒரே மத்தியானத்தில் அத்தனையும் அழிக்கப்பட்டன. அதில் நமக்கு வருத்தமுண்டா என்று வாலிபர்கள் கேட்டார்கள். உண்டு.

ஆப்பிள் கம்பெனியின் இயந்திரங்களில் தமிழ் எழுத்துருவின் பெயர் முடிவில் 'எம்.என்.' என்றிருக்கும், அவருடைய பெயரின் முதலெழுத்துக்கள். மலையாளம், தெலுங்கு, கன்னடம் மாத்திரமல்ல, கெமர், லாவோ, பர்மிய எழுத்துருக்களின் முடிவிலும் அதே இரண்டெழுத்து நிற்கிறது.

சென்ற மாதம், 2023-ல் வந்த புதிய பெர்ரி ஒன்றில் ஜார்ஜ் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு பர்மியத் தொழிலாளி ஆப்பிள் கைப்பேசியில் வீட்டுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். வட்டம் வட்டமாக எழுத்துக்கள் விழுந்தன. அவற்றை வரைந்தவர் நம்மவர் என்று சொல்ல வாயெடுத்தோம். எந்த மொழியில் சொல்வதென்று தெரியவில்லை. அவரும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்.